எனக்கு ‘ஜி’தான் வரும்

அத்தியாயம் 14

போன வாரம் நாம் விடைபெற்றபோது கண்ணாடிக்கடைக்காரர் தன் கறுப்புச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது வந்து பார்த்தாலும் அதே சட்டைக்குத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். இது மூன்றாவது தடவை. காலர் இனிமேல் தாங்காது.

காரணம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். வாரத்தில் ஆறு நாள் ஊராருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற இந்த மனிதர், ஏழாவது நாள் மதியம் ஓர் ஓட்டலின் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தில் கிட்டார் வாசிப்பவர். பதினொரு வருஷமாக ஜாஸும் ப்ளூஸும் மட்டும்தான். ஆள் உயரத்துக்கு நிற்கிற பெரிய பேஸ் வாத்தியத்தை வாசிப்பவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. தொழில் லிஃப்ட் மெக்கானிக். டிரம்ஸுக்கு ஒரு தையல்காரர். அவ்வப்போது வெளியிலிருந்து ஒரு வாத்தியக்காரர் விருந்தாளியாக வந்து சேர்ந்துகொள்வார்.

இன்று அவர்களோடு சேர்ந்து வாசிக்க ஒரு பியானோ அம்மா வருகிறார். பெயர் பெற்றவர், தலை முழுக்க நரை. அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் நடக்கும் தன் கச்சேரிக்கு ஓர் ஆள் தேடுகிறாராம். கிட்டாருக்குத்தான் தேடுகிறார் என்று நம்மவர் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

அவருடைய ஜாஸ் பைத்தியம் தெருவுக்கே தெரிந்தது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வந்தவர் ப்ளூஸ் கேட்காமல் வெளியே போக முடியாது. “கீழ் வரி தெரியுதா? சரி. ப்ளூஸ்ங்கிறது வெறும் பன்னிரண்டு பார், நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி. மூணே மூணு கார்டு, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம். அதுக்குள்ள ஒரு மனுஷன் தன் வாழ்க்கையையே சொல்லிடலாம். இப்போ இந்த லென்ஸ்ல தெரியுதா?” என்று கேட்பார். வந்தவர் ‘தெரிகிறது’ என்பார், எதற்குச் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது, பாவம்.

பொய்யான ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தந்தியை விரலால் மேலே தள்ளிச் சுரத்தை வளைக்கும்போது அவர் கண் நிஜமாகவே கலங்கும். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன இசைத்தட்டுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் அவர் எல்லாவற்றையும்விட உயர்வாகச் சொல்வது ஒன்று உண்டு.

“ஜாஸ்ல யாரும் மனப்பாடம் பண்ண மாட்டாங்க. தன் முறை வந்தா, அந்த நிமிஷம் மனசுல என்ன வருதோ அதை வாசிக்கணும். நேத்து வாசிச்சதையே இன்னிக்கும் வாசிக்கிறது, நேத்துக் குளிச்ச தண்ணியில இன்னிக்குக் குளிக்கிற மாதிரி.”

இதை ஒரு ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

சட்டை மேலும் கீழும் புரண்டுகொண்டிருந்தபோது மகள் எதிர் நாற்காலியில் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பரிசு தயார் செய்துகொண்டிருக்கிறாள் என்பது போன வாரமே நமக்குத் தெரியும். அவருடைய ஃபோனில் கிடந்த பழைய ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளில் வருஷத்துக்கு ஒன்றாக ஒன்பதைத் தன் ஃபோனுக்கு மாற்றிக்கொண்டு, அவர் தனியாக வாசிக்கும் இடங்களை மட்டும் கோக்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

முதல் பதிவைக் கேட்டாள். நன்றாக இருந்தது. இரண்டாவதைக் கேட்டாள். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. மூன்றாவதில் ஓர் இடத்தில் அப்பாவின் விரல் தடுக்குகிறது, அவர் தன்னையே கேலி செய்வதுபோல் லேசாகச் சிரிக்கிறார், பிறகு சமாளித்துக்கொண்டு மேலே போகிறார். கூட்டமும் சிரிக்கிறது.

நான்காவதில் அதே இடத்தில் அதே விரல் தடுக்குகிறது. அதே சிரிப்பு.

இரண்டு சாம்பிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவள் பிழைப்பு. இரண்டு பதிவையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டாள். நடுவில் ஒரு முழு வருஷ இடைவெளி. ஒரே ஆள் ஒரே தடவை வாசித்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஓடின. மீதி ஐந்தையும் கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றினாள்.

“அப்பா, இன்னிக்கு உங்க முறை வர்றப்போ என்ன வாசிக்கப் போறீங்க?”

“அது எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா அது ஜாஸா?” என்றார் அவர், சட்டையை உதறிக்கொண்டே.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தப்பு செய்தவர் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வெட்கம் இவளுக்கு வந்தது.

*

கிளம்பும் நேரத்தில் மச்சினனிடமிருந்து ஃபோன் வந்தது.

“அத்தான், மார்க்கெட் பக்கத்து ஃபிளாட்ல லிஃப்ட் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டிருக்காங்க. அவங்களை இறக்கிட்டு வந்துடறேன்.”

“இன்னிக்குப் பார்த்தா?”

“என்ன பண்றது. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நான் வர்ற வரைக்கும் ப்ளூஸ் எடுக்காதீங்க. வேற எதையாவது வாசிச்சுட்டிருங்க.”

“ஏன், நீ இல்லாம எங்களுக்கு வாசிக்க வராதா?”

“அதுக்கில்ல அத்தான்...”

அவர் ஃபோனை வைத்துவிட்டார். “உன் தம்பிக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு,” என்றார் மனைவியிடம். பதினான்கு அத்தியாயமாகப் பார்க்கிறோம், அந்த அம்மாள் தம்பிக்கும் கணவருக்கும் நடுவில் வாய் திறந்ததே இல்லை.

ஓட்டலில் கிட்டாரைத் தயார் செய்துவிட்டு, வழக்கம்போல ஃபோனைப் பதிவில் போட்டு, பேஸ் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே வைத்தால்தான் எல்லாச் சத்தமும் சமமாக விழுமாம். பிறகு, அதுவும் வழக்கம்போல, தலைவாரக் கழிப்பறைக்குப் போனார். ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் கண்ணாடி முன்னால் நிற்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது.

திரும்பி வந்தபோது பியானோ அம்மா மேடையில் உட்கார்ந்திருந்தார். “வாங்க. ஒரு ப்ளூஸ்ல ஆரம்பிக்கலாம். ஈ ஃப்ளாட். சரிதானே?”

இந்த இடத்தில் இசை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். ஈ ஃப்ளாட் என்பது ஒரு சுருதி. நம்மவருடைய அந்தப் புகழ்பெற்ற தனி வாசிப்பு ஜி என்கிற சுருதியில் மட்டும்தான் நிற்கும். பாதிச் சுரங்களை அவர் விரல் வைக்காமல் திறந்த தந்தியில் வாசிக்கிறார். சுருதி மாறினால் அந்தத் தந்திகள் உதவாது, எல்லாவற்றையும் புதிதாக யோசித்தாக வேண்டும். மனசில் வருவதை வாசிப்பவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மனப்பாடம் பண்ணியவனுக்குத் தலையெழுத்தே மாறிவிடும்.

‘ஜி-யில் எடுக்கலாமா’ என்று கேட்டிருக்கலாம். யாரும் தூக்கில் போட மாட்டார்கள். கௌரவம் விட்டால்தானே.

“தாராளமா,” என்றார்.

பியானோ ஆரம்பித்தது. கார்டு பிடித்துக் கூடப் போகிறவரை பிரச்சினை இல்லை. இரண்டாவது சுற்றில் மச்சினன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். கையில் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு. மேடையோர மறைப்புக்குப் பின்னால் சாத்தியிருந்த பேஸை நிமிர்த்தி, ஒரு நொடி காதைச் சாய்த்துக் கேட்டான். கேட்டதும் அவன் முகம் போன போக்கை மகள் தூண் பக்கத்து மேஜையிலிருந்து கவனித்தாள். பிறகு அவன் ஈ ஃப்ளாட்டில் சேர்ந்துகொண்டான்.

பியானோ அம்மா நிமிர்ந்து கண்ணால் ஜாடை காட்டினார். கிட்டார் முறை.

விரல்கள் பதினொரு வருஷமாகப் போகிற வீட்டுக்கே போயின. முதல் மூன்று சுரம் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். எல்லாரும் ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம். அவர் நிறுத்தினார். மறுபடி தொட்டார். அதுவும் ஜி. கையை எடுத்துவிட்டார். நாலு பார் முழுக்க டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடின.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

திரும்பி மச்சினனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மைக்கில் விழும்படி சொன்னார். “என்ன மச்சான், எந்தச் சுருதியில இருக்கே? கவனம் வேண்டாமா?”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் ‘ச்ச்’ கொட்டினார்கள். பரிதாபம் கிட்டாருக்கு, பழி பேஸுக்கு.

மச்சினன் அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்தான். “ஸாரி, என் தப்புதான். லேட்டா வந்தேன் இல்லையா,” என்று பியானோ அம்மாவிடம் சொல்லிவிட்டு, தன் முறையாக அந்தக் காலி இடத்தில் வாசித்து முடித்துக்கொடுத்தான். அதே ஈ ஃப்ளாட்டில்.

இடைவேளைக்குப் பிறகு இன்னொரு ப்ளூஸ். மச்சினன் பியானோப் பக்கம் குனிந்து ஏதோ கேட்டான், அந்த அம்மா சரி என்றார். இந்த முறை ஜி. நம்மவர் ஜமாய்த்துவிட்டார். அந்த இடத்தில் விரல் தடுக்கியது. லேசாகச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. முடித்ததும் கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மகள் தட்டவில்லை. அடுத்த சுரம் எது என்று ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, இது எப்போது முடியும் என்று மேஜை விரிப்பைப் பார்த்தபடி இருந்தாள். மேடையில் வணங்கி எழுந்த அவர் அவளைத்தான் முதலில் தேடினார். தட்டாத அந்தக் கைகளைப் பார்த்தார்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் பியானோ அம்மாவின் குரல் கேட்டது. கிட்டார்க்காரரிடம் அல்ல, மச்சினனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“தப்பு உங்களுதுன்னு சொன்னீங்க. எந்த இடத்துலன்னு எனக்குத் தெரியல. இது என் நம்பர். அடுத்த மாசக் கச்சேரிக்கு பேஸ் வாசிக்க ஆள் தேடிட்டிருக்கேன். ரெண்டு நாள்ல சொல்லுங்க.”

“யோசிச்சு சொல்றேம்மா. நாங்க எப்பவும் சேர்ந்துதான் வாசிக்கிறது.”

நம்மவர் ஒயரை இன்னும் இரண்டு சுற்று அதிகமாகவே சுருட்டினார். மச்சினன் வந்து, “லிஃப்ட்டைப் பாதியில விட்டுட்டு வந்தேன் அத்தான், கிளம்பறேன்,” என்றான். அவர் ‘ம்’ என்றார். நிமிரவில்லை.

*

வீட்டில் மனைவி சாப்பாடு எடுத்துவைத்தபடி கேட்டாள். “எப்படி ஆச்சு?”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாக. ஆனால் வந்தது வேறு. “நல்லாத்தான் போச்சு. உன் தம்பி முதல்ல சொதப்பிட்டான்.”

“அவனா?”

“லேட்டா வந்தான். சுருதி தெரியாம வாசிச்சான். அப்புறம் நான் சமாளிச்சேன்.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றாள் மகள்.

“என்ன சொல்றே?”

அவள் தன் ஃபோனை மேஜை மேல் வைத்து இரண்டு பதிவைச் சேர்த்து ஓடவிட்டாள். ஏழு வருஷத்துக்கு முந்தையது ஒன்று, போன வருஷத்தது ஒன்று. கிட்டார் ஒன்றாக ஓடியது, ஒன்றாகத் தடுக்கியது, இரண்டு அப்பாக்களும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

கையில் எடுத்த கவளத்தை அவர் தட்டிலேயே போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு அன்று சோறே இறங்கவில்லை.

“ஒன்பது வருஷம்ப்பா. ஒரு சுரம் மாறல. அந்தத் தடுக்கல்கூட எழுதி வெச்சதா?”

அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். “முதல் வாரம் நான் நிஜமாத்தான் வாசிக்கப் போனேன். என் முறை வந்துச்சு. மனசுல ஒண்ணுமே வரல. நாலு பார் சும்மா நின்னேன், இன்னிக்கு மாதிரியே. ஒருத்தன் சாப்பிட்டுக்கிட்டே சிரிச்சான். அடுத்த வாரத்துக்குள்ள கடையில பின்னறையைப் பூட்டிக்கிட்டு, ஒரு நோட்டுல எழுதி உருப்போட்டேன். ஒரு தடவைக்குன்னுதான் எழுதினேன்.”

“அதுகூடப் பரவாயில்லப்பா. பயம்தானே, யாருக்கு இல்ல? மாமாவை ஏன் சொன்னீங்க?”

அவர் தண்ணீரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

“நீங்க இந்தப் பதிவையெல்லாம் ஆரம்பத்துலேர்ந்து கேட்டிருக்கீங்களா?”

“என் முறை வர்ற இடத்துலேர்ந்து கேப்பேன்.”

“நானும் அப்படித்தான் கேட்டேன். திரும்பி வர்றப்போ ஆட்டோவுலதான் முதல்லேர்ந்து கேட்டேன். நீங்க தலைவாரப் போற அந்த அஞ்சு நிமிஷத்தை.”

அவள் ஓடவிட்டாள். தட்டுகளின் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் ஃபோனுக்கு வெகு அருகில் மச்சினனின் குரல், யாரோ ஒரு விருந்தாளி வாத்தியக்காரரிடம்: “சார், ப்ளூஸை ஜி-யிலயே வெச்சுக்கலாமா? தப்பா நினைக்காதீங்க, எனக்கு ஜி-தான் வரும்.”

அடுத்த வருஷத்துப் பதிவு. “ஜி-யில எடுத்துக்கலாமாண்ணே? மத்த சுருதியில எனக்குத் தடுமாறும். அத்தான் எதுலயும் வாசிப்பாரு, எனக்காகத்தான்.”

அதற்கும் அடுத்த வருஷம். “எனக்கு ஜி-தான் வரும்.” யாரோ சிரிக்கிறார்கள். அவனும் சேர்ந்து சிரிக்கிறான்.

நாலாவதை அவள் போடப் போனபோது, “போதும்,” என்றார்.

வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஏன் ஜி-யையே கேட்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசித்ததில்லை என்பதும் முழு உண்மை இல்லை. யோசனை வரும்போதெல்லாம் தலைவாரப் போய்விட்டார், அவ்வளவுதான்.

மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள். “சின்ன வயசுலயும் அவன் அப்படித்தான். நான் டம்ளரை உடைச்சா, நான்தான் உடைச்சேன்னு போய் நிப்பான். அப்பாகிட்ட அடி வாங்கறது அவன். நானும் ஒரு தடவைகூட உண்மையைச் சொன்னதில்ல.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நீங்களாவது போய்ச் சொல்லிட்டு வாங்க.”

*

அந்த ஃபிளாட்டில் லிஃப்ட் வாசலில் ‘பழுது’ என்று அட்டை தொங்கியது. இயந்திர அறை ஏழாவது மாடிக்கு மேலே. படிதான்.

ஒவ்வொரு மாடியிலும் அவர் ஒரு மன்னிப்பைத் தயார் செய்தார். முதல் மாடியில் ‘என்னை மன்னிச்சிடு மச்சான்’ என்று ஆரம்பித்தது, மூன்றாவது மாடியில் கூத்தாக இருந்தது. நாலாவதில் இன்னொன்று. அதை இரண்டு தடவை உருப்போட்டார். உருப்போடுகிறோம் என்று தெரிந்ததும் அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏழாவது மாடிக்கு வந்தபோது மூச்சைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

மச்சினன் மோட்டார்ப் பெட்டியைத் திறந்து வைத்து உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

“ஏன் அத்தான் இத்தனை படி ஏறினீங்க? ஃபோன் பண்ணியிருக்கலாமே. உட்காருங்க.” கருவிப்பெட்டியை மூடி, மேலே துணி போட்டு நகர்த்தினான்.

அவர் உட்கார்ந்தார். மூச்சு சீராக நேரமாயிற்று. மச்சினனே பேச்சை எடுத்தான்.

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. நானே கேக்கணும்னு இருந்தேன். அந்தம்மா கச்சேரிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நான் மட்டும் எப்படிப் போறது? கிட்டாருக்கும் ஒரு இடம் போட முடியுமான்னு கேட்டுப் பார்க்கறேன்.” டார்ச்சை அணைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி தயங்கித் தயங்கிச் சொன்னான். “அந்த ப்ளூஸை மட்டும் ஜி-யில வெச்சுக்கலாமான்னு நானே சொல்லிடறேன் அத்தான். எனக்கு அதுதான் வரும்னு.”

அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மதியம் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவன், இப்போது அவமானப்படுத்தியவருக்கு இடம் பிடிக்க வழி யோசித்துக்கொண்டிருக்கிறான். முழங்கையில் அந்தச் சிராய்ப்புக்கு இன்னும் மருந்துகூடப் போடவில்லை.

“மச்சான்.”

“சொல்லுங்க அத்தான்.”

சொல்ல வரவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நாலு பார் வராமல் நின்றதே, அதே மாதிரி நின்றது. ஆனால் இங்கே சாப்பிட்டுக்கொண்டே சிரிக்க யாரும் இல்லை. பழி போடத் திரும்பினாலும் அவனே எதிரில் நிற்கிறான்.

“அந்தம்மா நம்பரைக் குடு,” என்றார். “இப்பவே பேசணும்.”

“நானே பேசறேனே.”

“நீ பேசினது போதும். குடு.”

மச்சினன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தான். ஓரத்தில் கிரீஸ் ரேகை. அவர் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்களை ஒவ்வொன்றாகப் படித்து அழுத்தினார். விரல் தடுக்கியது. இது நிஜமான தடுக்கல், அவர் சிரிக்கவில்லை. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

ஃபோன் மணி இரண்டு தடவை அடித்தது. மூன்றாவதில் எடுத்துவிட்டார்கள்.

“வணக்கம், யார் பேசறது?”

“கிட்டார் வாசிக்கிறவன்,” என்றவர் நிறுத்தி, எதிரே நிற்கும் மச்சினனைப் பார்த்தார். வேண்டாம் என்று அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். “இல்லம்மா. கண்ணாடிக்கடைக்காரன். இன்னிக்கு மதியம் நடந்ததைப் பத்திச் சொல்லணும்.”

“சொல்லுங்க,” என்றது எதிர்முனை.

அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனாலும் வாயைத் திறந்தார்.